மனித உடற்கூறியல், உடலியங்கியல்: காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நர்சிங், பிசியோதெரபி, லேப் டெக்னீஷியன் என்று எதில் இடம் கிடைத்தாலும் முதலாம் ஆண்டில் அனாடமி, பிசியாலஜி வந்து நிற்கும். காரைக்குடியில் என் மாலை வகுப்புக்கு தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். கொண்டுவந்து விடுகிற பெற்றோரும் வாசலில் நின்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இது படிப்புக்கான பக்கம். உங்கள் உடம்புக்கு என்ன வைத்தியம் என்பதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

அனாடமியும் பிசியாலஜியும் வேறு வேறு பாடமா?

பரீட்சையில் தனித்தனித் தாளாக வரலாம். உடம்பில் அப்படிப் பிரிவினை கிடையாது. ஓர் உறுப்பு எங்கே இருக்கிறது, என்ன வடிவம், எதோடு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது உடற்கூறியல். அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது உடலியங்கியல். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை மட்டும் படிப்பவர்கள் சீக்கிரமே சோர்ந்துபோகிறார்கள். எந்த உறுப்பைப் படித்தாலும் "இந்த வடிவம் எந்த வேலைக்காக?" என்று கேளுங்கள். என் வகுப்பில் நான் வற்புறுத்துவது இந்த ஒன்றைத்தான்.

இரண்டும் எப்படிக் கைகோத்து வளர்ந்தன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் இருந்த மருத்துவர் கேலன், குரங்கு, பன்றி முதலிய விலங்குகளை அறுத்துப் பார்த்து எழுதினார். அதையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மனித உடம்புக்கும் வேதவாக்காக வைத்திருந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் வெசாலியஸ் என்ற மருத்துவர் மனித உடலைத் தன் கையால் அறுத்துப் பார்த்தார். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்பது தவறு, ஒன்றுதான் என்பது போன்ற பல திருத்தங்களைப் படங்களோடு 1543இல் வெளியிட்டார்.

அடுத்து வந்தவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. அவர் ஒரு கணக்குப் போட்டார். ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தைத் துடிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கினால், அரை மணி நேரத்திலேயே உடம்பிலுள்ள மொத்த ரத்தத்தையும் அது தாண்டிவிடுகிறது. சாப்பாட்டிலிருந்து அவ்வளவு ரத்தம் புதிதாக ஊற வழியே இல்லை. அப்படியானால் அதே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டும். இதை அவர் 1628இல் வெளியிட்டார். இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் தமனியிலிருந்து, இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் சிரைக்கு ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்பதை மட்டும் அவரால் காட்ட முடியவில்லை. அவர் இறந்தபின் 1661இல் இத்தாலியின் மால்பிகி, தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்து, இரண்டையும் இணைக்கும் மிக மெல்லிய குழாய்களான தந்துகிகளைக் கண்டுபிடித்தார். கணக்கு முன்னால் போய்விட்டது, கண் பின்னால் வந்து சேர்ந்தது.

எதிலிருந்து தொடங்குவது?

செல்லிலிருந்து. செல்கள் சேர்ந்து திசு, திசுக்கள் சேர்ந்து உறுப்பு, உறுப்புகள் சேர்ந்து மண்டலம். திசுக்களில் அடிப்படை வகை நான்கே: மேற்பரப்பை மூடும் எபிதீலியம், இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு. இந்த நான்கையும் ஒரு வாரம் நிதானமாகப் படித்துவிட்டால் பின்னால் வரும் பாடங்களில் பாதி சிரமம் குறையும். பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள். செரிமானம், சுவாசம், ரத்த ஓட்டம், கழிவுநீக்கம் எல்லாம் அதில் தெளிவாகவே இருக்கின்றன.

206 எலும்புகளின் பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். இரு கைகள், இரு பாதங்களில் மட்டும் 106 எலும்புகள். ஒரு கையைப் படித்தால் இன்னொரு கையையும் படித்தாயிற்று.

புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே நடுவில் ஒரு குழி இருக்கும். அங்கிருந்து விரலை நெஞ்செலும்பின் மேல் கீழ்நோக்கி நகர்த்தினால் சுமார் 5 சென்டிமீட்டரில் ஒரு சிறு மேடு தட்டுப்படும். அதன் இரு பக்கமும் இருப்பது இரண்டாவது விலா எலும்பு. அதிலிருந்து கீழே எண்ணிக்கொண்டே வந்தால் மற்ற விலா எலும்புகளை அடையாளம் காணலாம். ஈ.சி.ஜி. எடுக்கும்போது நெஞ்சில் எந்த இடத்தில் ஒட்ட வேண்டும் என்று செவிலியர்கள் இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். தலையைக் குனிந்தால் பின்கழுத்தில் துருத்துவது பெரும்பாலும் ஏழாவது கழுத்து முள்ளெலும்பு. முழங்கையை எதிலாவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுர்ரென்று இழுக்கிறதே, அது அல்நார் நரம்பு எலும்பை ஒட்டித் தோலுக்கு அடியிலேயே ஓடுவதால் வருவது. இப்படிக் கையால் அறிந்த இடத்தின் பெயர் மறக்காது.

இதயத்தின் படம் எத்தனை தடவை பார்த்தாலும் புரியவில்லை. என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்குப் போய் ஓர் ஆட்டு இதயம் வாங்குங்கள். வெட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்: "கீற வேண்டாம் அண்ணே, மேலே இருக்கிற குழாயையும் ஒட்ட நறுக்காமல் கொடுங்கள்." ஆட்டுக்கும் நமக்கும் நான்கு அறைகள், நான்கு வால்வுகள்.

முதலில் அறுக்காமல் விரலால் அமுக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் கெட்டியாக இருக்கும், மறு பக்கம் தொளதொளவென்று இருக்கும். கெட்டியான பக்கம் இடது வென்ட்ரிக்கிள், அதாவது இடது கீழறை. மேலே தடித்த சுவருள்ள குழாய் பெருந்தமனி. அதில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். வால்வு கிழியாமல் இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் நிற்கும். எட்டிப் பார்த்தால் சட்டைப் பை போன்ற மூன்று மடிப்புகள் தண்ணீரால் உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். வெளியே போன ரத்தம் திரும்பி வராமல் தடுக்க அந்த வால்வு இதைத்தான் செய்கிறது. மடிப்புகளுக்குச் சற்று மேலே இரண்டு சிறு துளைகள் உண்டு. இதயம் தனக்கே ரத்தம் எடுத்துக்கொள்ளும் கரோனரி தமனிகள் அங்கேதான் தொடங்குகின்றன. மாரடைப்பு என்பது அந்தத் தமனிகளில் ஏற்படும் அடைப்பு.

அப்புறம் இரு வென்ட்ரிக்கிள்களையும் அறுத்துத் திறந்து சுவர்களை அளந்து பாருங்கள். இடது பக்கச் சுவர் வலதைப் போல இரண்டு மூன்று மடங்கு தடிமனாக இருக்கும். வலது பக்கம் ரத்தத்தை அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டும் அனுப்பினால் போதும். அதன் அழுத்தம் சுமார் 25 மில்லிமீட்டர் பாதரசம். இடது பக்கம் உச்சி முதல் உள்ளங்கால் வரை அனுப்ப வேண்டும். அதற்கு 120 தேவை. உள்ளே வெள்ளை வெள்ளையாக நூல் இழுத்துக் கட்டியது தெரிகிறதா? மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள வால்வு பின்பக்கம் மடங்கிவிடாமல் அவை இழுத்துப் பிடிக்கின்றன. வால்வுகள் மூடும் சத்தம்தான் ஸ்டெதஸ்கோப்பில் "லப், டப்" என்று கேட்கிறது.

வகுப்பில் இதைச் செய்த நாளுக்குப் பிறகு படத்தில் வலது, இடது குழம்பிய பிள்ளைகள் குறைவு.

காரம் சாப்பிட்டால் வாய் எரிகிறது, வியர்க்கிறது, மூக்கு ஒழுகுகிறது. ஏன்?

செட்டிநாட்டில் இதைக் கேட்காத வகுப்பே இல்லை. காரம் சுவை அரும்பு உணரும் சுவை கிடையாது. அது வெப்பத்தையும் வலியையும் உணரும் நரம்புகளின் வேலை. அந்த நரம்பு முனைகளில் டி.ஆர்.பி.வி.1 என்ற புரதம் இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் அது திறந்து "சுடுகிறது" என்று மூளைக்குத் தகவல் அனுப்பும். மிளகாயிலுள்ள கேப்சைசினும் மிளகிலுள்ள பைப்பரினும் அதே புரதத்தைச் சூடில்லாமலேயே திறந்துவிடுகின்றன. வாய் சுடுகிறது என்று நம்பும் உடம்பு, குளிரவைக்க வியர்வையைச் சுரக்கிறது. எரிச்சலைக் கழுவித் தள்ள மூக்கிலும் கண்ணிலும் நீர் வருகிறது. இந்தப் புரதத்தை 1997இல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், 2021இல் ஆர்டெம் படபூட்டியனோடு மருத்துவ நோபல் பரிசு பெற்றார்.

கேப்சைசின் தண்ணீரில் கரையாது. அதனால் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாலும் எரிச்சல் தீராது. தயிர் அல்லது பால் கேட்கும், அதிலுள்ள கேசின் என்ற புரதம் கேப்சைசினைப் பிடித்து இழுத்துவிடும்.

அப்படியானால் காரம்தான் அல்சருக்குக் காரணமா?

ஏற்கெனவே புண் இருந்தால் காரம் எரிச்சலைக் கூட்டும். ஆனால் வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா, அல்லது அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரை. பாக்டீரியாவின் பங்கைக் காட்டிய பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005இல் நோபல் கிடைத்தது. முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தாமாகவே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, வயிறு எரிந்தால் மிளகைக் குறை சொல்லும் வழக்கம் நம் ஊரில் அதிகம். அதை நிறுத்தினாலே பலருக்கு நிம்மதி.

ரத்தம் கம்மி என்றால் சுவரொட்டி வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார்களே, சரியா?

சுவரொட்டி என்று கறிக்கடையில் கொடுப்பது ஆட்டின் மண்ணீரல். நமக்கு அது இடது விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். கிழடு தட்டிய சிவப்பணுக்களை மண்ணீரலில் உள்ள பெருவிழுங்கி செல்கள் விழுங்கி உடைக்கின்றன. அதில் கிடைக்கும் இரும்புச்சத்து வீணாகாமல் ரத்தத்தின் வழியே எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேரும். அங்கே விநாடிக்குச் சுமார் 20 லட்சம் புதிய சிவப்பணுக்கள் உருவாகின்றன.

ஆக, சுவரொட்டியில் இரும்புச்சத்து நிறைய இருப்பதில் ஆச்சரியமில்லை. கீரையில் உள்ளதைவிட இறைச்சியில் உள்ள இரும்பைக் குடல் எளிதில் எடுத்துக்கொள்ளும். பெரியவர்கள் சொன்னது பொருளுள்ள பேச்சுதான். சைவம் சாப்பிடுபவர்கள் கீரை, பயறோடு எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் இரும்பு கூடுதலாக உறிஞ்சப்படும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் குறையும். ஆனால் ஹீமோகுளோபின் மிகவும் இறங்கியிருந்தால் சாப்பாடு மட்டும் போதாது. ஏன் இறங்கியது என்று பார்க்க வேண்டும்: அதிக மாதவிடாய்ப் போக்கா, குடற்புழுவா, வேறு எதுவுமா? கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்று கணக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை, "கறுப்பாகப் போகிறது" என்று பயந்து ஓரமாக வைத்துவிடாதீர்கள். மலம் கறுப்பாவது அந்த மாத்திரையால் சாதாரணமாக நடப்பது.

கவுனி அரிசி சர்க்கரை நோயாளிக்கு நல்லது என்கிறார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாமா?

கூடாது. கவுனியில் தவிடும் நார்ச்சத்தும் இருப்பதால் தீட்டிய வெள்ளரிசியைவிட மெதுவாகச் செரிக்கும். அந்தக் கருஞ்சிவப்பு நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. ஆனாலும் அது அரிசிதான். அதன் மாவுச்சத்தை வாயிலும் சிறுகுடலிலும் நொதிகள் குளுக்கோஸாக உடைக்கும், குடல் அதை ரத்தத்தில் சேர்க்கும். கணையம் இன்சுலினைச் சுரந்தால்தான் தசையும் கொழுப்புச் செல்களும் அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். இந்த ஏற்பாடு தளர்ந்தவருக்குக் கல்யாண வீட்டுக் கவுனி என்றால் அரிசியைவிட அதில் குழைத்திருக்கும் சர்க்கரையையும் நெய்யையும்தான் முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்.

பழநிக்குப் பாதயாத்திரை போகும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது?

தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழநிக்கு நடக்கிறார்கள். 150 கிலோமீட்டருக்கு மேல். பிசியாலஜி படிக்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

நடக்கத் தொடங்கியதும் தசைகளுக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும். இதயத் துடிப்பும் மூச்சும் ஏறும். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேமித்திருக்கும் சர்க்கரை முதலில் செலவாகும், நேரம் போகப் போகக் கொழுப்பின் பங்கு கூடும். காலிலிருந்து ரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து மேலேற வேண்டும் அல்லவா? கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் சுருங்கி, ஆழச் சிரைகளை அமுக்கி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அதைத் திரும்ப விடாது. நடக்கும்போது சரியாக இருந்த கால், தங்கும் இடத்தில் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் வீங்குவது இதனால்தான். படுத்துக் காலைத் தூக்கி வைத்தால் வடியும்.

உள்ளங்காலில் கொப்புளம் வருவது தோலின் மேலடுக்குகள் உராய்வில் பிரிந்து நடுவில் நீர் கட்டுவதால். மேல்தோலைப் பிய்க்காதீர்கள், கிருமி உள்ளே போகாமல் அதுதான் காக்கிறது. மறுநாள் தொடை பிடித்துக்கொள்வதற்கு லாக்டிக் அமிலத்தைக் காரணம் சொல்வார்கள். அது நடந்து முடித்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து போய்விடும். வலிக்குக் காரணம் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவும் அதைச் சரிசெய்யும் வேலையும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நீண்ட நாள் சர்க்கரை உள்ள அப்பச்சிகளும் ஆச்சிகளும் வெறுங்காலில் நடக்கும் முன் டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். சர்க்கரையால் பாத நரம்புகள் மரத்துப்போயிருந்தால் முள் ஏறினாலும் தெரியாது. ஒவ்வொரு நாள் இரவும் கூட வருபவர்கள் டார்ச் அடித்து அவர்கள் உள்ளங்காலைப் பார்த்துவிடுங்கள்.

வெயில் காலத்தில் கல்லடைப்பு ஏன் அதிகம்?

இரு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் 99 சதவீதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக விடுகின்றன. வெயிலில் வியர்வையாக நீர் போய்விட்டால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி ஒரு ஹார்மோனை விட்டு, "இன்னும் மிச்சம் பிடி" என்கிறது. சிறுநீர் குறைந்து, அடர்ந்து, அதில் கரைந்திருந்த கால்சியம் உப்புகள் படிகமாகத் தொடங்கும். காற்று வறண்ட நாளில் வியர்வை சட்டையை நனைக்காமலே காய்ந்துவிடும், எவ்வளவு போனது என்றே தெரியாது. தாகத்தை மட்டும் நம்பாமல் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். சிறுநீரகம், இதய நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவே குடிக்க வேண்டும்.

எங்கள் அப்பத்தா வருடத்துக்கு வருடம் குள்ளமாகிக்கொண்டே போகிறாரே?

எலும்பு உயிருள்ள திசு. பழையதைக் கரைக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் ஆயுள் முழுக்க வேலை செய்கின்றன. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் கரைப்பது மிஞ்சிவிடுகிறது. மெலிந்த முள்ளெலும்புகள் முன்பக்கம் நசுங்கிக் கூன் விழும், நடுவிலுள்ள வட்டுகளும் நீர் வற்றிச் சப்பையாகும். தரையில் சும்மா உட்கார்ந்து எழும்போது கூட முள்ளெலும்பு நசுங்கலாம், அதனால் திடீர் முதுகு வலியை வயசு என்று தள்ளிவிடாதீர்கள்.

பிறக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்பது யாரால்?

தந்தையின் விந்தணுவால். கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான். விந்தணுவில் எக்ஸ் இருந்தால் பெண், ஒய் இருந்தால் ஆண். பெண் குழந்தை பிறந்ததற்காக ஒரு மருமகள் பேச்சு வாங்குவது அறியாமையால் நடக்கும் கொடுமை. படித்த பிள்ளைகள் வீட்டில் இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

பெண் பிள்ளை இதையெல்லாம் ஆண் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்க வேண்டுமா?

படிக்கலாம், கூச்சமில்லாமல் கேள்வியும் கேட்கலாம். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி ஆண்கள் கல்லூரியில் சேர்ந்து படித்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியால் வந்தது. நம் பக்கத்து ஊர்ப் பெண் நூறு வருடத்துக்கு முன்பே போட்ட பாதை இது.

உடல் தானம் செய்தால் உண்மையிலேயே பயன் உண்டா?

உண்டு. எந்தப் படமும் மாதிரியும் தர முடியாத ஒன்றை அது தருகிறது: ஒருவரைப் போல இன்னொருவருக்குத் தமனி பிரிவதில்லை, நரம்பு ஓடுவதில்லை என்பதை மாணவர்கள் கண்ணால் காண்கிறார்கள். சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூறியல் துறையில் விசாரிக்கலாம். வீட்டாரிடம் முன்பே பேசிவிடுங்கள், இறந்தபின் தகவல் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு இது ஒத்துவருமா?

ஒத்துவரும். முதல் இரண்டு மாதம் பெயர்கள் கஷ்டப்படுத்தும், அப்புறம் பழகிவிடும். ஒரு நோட்டில் இடப்பக்கம் உறுப்பை நீங்களே வரையுங்கள், அழகாக இருக்க வேண்டியதில்லை. வலப்பக்கம் அது செய்யும் வேலையைத் தமிழில் உங்கள் சொந்தப் பேச்சில் எழுதுங்கள். பாடப்புத்தகப் பெயரைக் கடைசியாகப் படத்தின் மேல் குறியுங்கள். வாரம் ஒரு மண்டலம் போதும். அந்த வாரம் படித்ததை வீட்டில் யாருக்காவது சொல்லிக்காட்டுங்கள், அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் வராத இடத்தை மறுநாள் வகுப்பில் கேளுங்கள்.